மெர்வினுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

போன ஞாயிறு ஆராதனையில் ஜெபக் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார் எங்கள் போதகர். ஐந்தாவது சீட்டை எடுத்தார்.

"நம்முடைய சகோதரன் மெர்வின்... நெருப்பில் பொள்ளிப்போய் உயிருக்குப் போராடுகிறார். உருக்கமாக ஜெபிப்போம்."

சபையே உருகியது. நான் மட்டும் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ஏன் என்கிறீர்களா? மெர்வினைச் சுட்டது கேஸ் சிலிண்டர் இல்லை. டிராகன்!

சீட்டு எழுதியவர் என் அடுத்த வீட்டு சரோஜம் அக்கா. பனச்சமூடு ஜங்ஷனில் தையல்கடை வைத்திருக்கிறார். டிவியில் அந்த மாயாஜால சீரியல் வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவருடைய மிஷின் ஓடாது. நான் அதன் மூலப் புத்தகங்களை வாசிக்கிறவன். இதுவரை வந்த ஐந்து பாகமும் முடித்து, ஆறாவதுக்குக் காத்திருக்கிறேன். மெர்வின் அதில் நொண்டிக் காலோடு வரும் குதிரைக்காரன். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு மெர்வின் உண்டு. அக்காவின் சொந்தக்காரப் பையன் என்று போதகர் நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

முந்தைய வெள்ளியன்று டிராகன் தீயைக் கக்க, மெர்வின் சாய, 'தொடரும்' போட்டுவிட்டார்கள். அக்கா நேரே என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, நீ புக்கு வாசிச்சவனாக்கும். ஒண்ணும் சொல்லாண்டாம். மொகத்த மட்டும் காட்டு, நான் தெரிஞ்சுக்கிடுதேன்."

காட்டுவேனா? மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் மெர்வின் செத்துப்போவான். நானே கண்ணைத் துடைத்துக்கொண்ட இடம் அது. அன்றிலிருந்து பின்வாசல் வழியாகத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

ஆராதனை முடிந்ததும் ஸ்டெல்லா டீச்சர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "எந்த ஆஸ்பத்திரி, சரோஜம்? ஒரு எட்டு போயி பாத்துட்டு வாறோம்."

அக்கா அசரவில்லை. "இப்ப யாரையும் உள்ள விடமாட்டாவ டீச்சர். வெள்ளிக்கிழமதான் வெவரம் தெரியும்."

வெள்ளிக்கிழமை மனசு கேட்கவில்லை. ஆறுதல் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அக்கா வீட்டு சோபாவில் போய் உட்கார்ந்தேன். புத்தகம் வாசித்தவனுக்கு ஒரு திமிர் உண்டு — முடிவு தெரிந்த திமிர்! உள்ளுக்குள் இரங்கல் உரையே தயார்...

மெர்வின் கண்ணைத் திறந்தான். தண்ணீர் கேட்டான். எழுந்தே உட்கார்ந்துவிட்டான்! சீரியல்காரர்கள் கதையை மாற்றிவிட்டார்கள்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்? ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, புக்குல இவன் செத்துப்போவான்."

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒனக்க புக்குல அவனுக்கு ஆரு மக்கா ஜெபிச்சா?"

எத்தனை பாகம் வாசித்து என்ன... இது எனக்குத் தோன்றவே இல்லையே!

இந்த ஞாயிறு அக்கா ஸ்தோத்திரச் சீட்டு கொடுக்கிறார், மெர்வின் சுகமானதற்கு.

நானும் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன் — ஆறாம் பாகத்தை வருஷக்கணக்காக எழுதி முடிக்காத ஒரு சகோதரனுக்காக!