வர்ற வழியிலதானே

வாயைத் திறந்தவர் தலையில்தான் வேலை விழும் என்பது எங்கள் கல்லூரியில் எழுதப்படாத சட்டம். அது தெரிந்திருந்தும் ஒரு நாள் ஸ்டாஃப் மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பறை கேட்டை ஒட்டி இருந்தது. சாயந்திரம் கடைசி பீரியட் நடக்கும்போதே, பெண்களை ஏற்றிப்போக வந்த பஸ்ஸும் ஆட்டோக்களும் அப்பாமார்களின் ஸ்கூட்டர்களும் வெளியே என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கும். புகை நேராக ஜன்னல் வழியே உள்ளே வரும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல். ஒளிச்சேர்க்கை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டே வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வேன். இதைத்தான் மீட்டிங்கில் சொன்னேன்.

முதல்வர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப நல்ல பாயின்ட் மேடம். நீங்களே எடுத்துப் பண்ணிடுங்களேன்" என்றார். மற்றவர்கள் எல்லோரும் அவசரமாகத் தலையாட்டினார்கள். தப்பித்தவர்களின் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். நானே பல மீட்டிங்குகளில் அப்படி ஆட்டியிருக்கிறேன்.

முதலில் பஸ் டிரைவரிடம் போய், நிற்கிற நேரத்திலாவது என்ஜினை அணைக்கக்கூடாதா என்று கேட்டேன். மனுஷர் மரியாதையாகவே பதில் சொன்னார். "தாராளமா ஆஃப் பண்ணிடலாம் டீச்சர். திரும்ப ஸ்டார்ட் ஆகலைன்னா உங்க பொண்ணுங்கதான் எறங்கித் தள்ளணும். பரவாயில்லைங்களா?" சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பஸ்ஸை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகுதான் சைக்கிள் யோசனை வந்தது. பக்கத்திலிருந்து வருகிற பெண்களும் ஆசிரியைகளும் சைக்கிளில் வந்தால் கேட்டில் நிற்கிற வண்டிகள் பாதியாவது குறையும்.

கேட்டோரம் ஒரு புங்கமரம், ஹாஸ்டல் கிணற்றடியில் இன்னொரு புங்கமரம். புகை என்ன செய்கிறது என்று காட்ட, இரண்டிலிருந்தும் மாணவிகளை இலைகளைப் பறித்துவரச் சொல்லி ஈரப்பஞ்சால் துடைத்தோம். கிணற்றடி இலை துடைத்த பஞ்சு லேசாகப் பழுப்பேறியிருந்தது. கேட்டோரத்து இலை துடைத்தது கரிச்சட்டி தேய்த்த துணி மாதிரி இருந்தது. இரண்டையும் ஒரு சார்ட்டில் ஒட்டி அசெம்பிளியில் தூக்கிக் காட்டி, "இலைக்காவது துடைத்துவிட நாம் இருக்கிறோம். நம் நுரையீரலை யார் துடைப்பார்கள்?" என்று கேட்டேன். நல்ல கைதட்டல் கிடைத்தது.

ஆனால் சுத்தமான காற்றுக்காக மட்டும் நான் மேடை ஏறவில்லை. அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். நான் அப்போது ரொம்பக் களைத்திருந்தேன். ஸ்ரீரங்கத்தில் புக்ககம். மாமனார் இல்லை, மாமியார் உண்டு. கணவருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஆபீஸ் வேலை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு குழந்தைகள். இருட்டோடு எழுந்து தளிகை முடித்து, நாலு டப்பா கட்டி, ஓடிப்போய் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டால் முதல் பீரியட் மணி அடிக்கும்போது கேட்டுக்குள் நுழைவேன். சாயந்திரம் மெயின்கார்டு கேட் ஸ்டாப்பில் காத்துக் கிடந்து, கூட்டத்தில் நசுங்கி, காவிரிப் பாலத்தைத் தாண்டி வீடு சேரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். ஒரு நாளில் எனக்கென்று அரை மணி நேரம் வேண்டும். பெரிய லட்சியம் எதுவும் இல்லை. காபியை ஆறுவதற்குள் உட்கார்ந்து குடிக்க வேண்டும். யாரும் கூப்பிடாமல் ஒரு புத்தகத்தில் பத்துப் பக்கம் படிக்க வேண்டும். சைக்கிளில் போனால் அந்த அரை மணி எனக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

சைக்கிள் எனக்குப் புதிதல்ல. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அங்கே பெண் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். கல்யாணம் ஆனதும் அது நின்றுபோயிற்று. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, அதுவாகவே நின்றது.

மாமியார் முதலில் முகத்தைச் சுளித்தார். "ஏன்டிம்மா, ரெண்டு கொழந்தை பெத்தவ சைக்கிள்ல போனா வீதியில நாலு பேர் என்ன சொல்லுவா?" என்றார். "காலேஜ்ல பொறுப்பு குடுத்திருக்காம்மா. நானே பஸ்ல போனா பொண்கள் எப்படிக் கேட்பா?" என்றேன். பொறுப்பு என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் ஒரு மதிப்பு இருந்தது. கணவர் பட்டறையில் யாரிடமோ சொல்லிவைத்துப் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைப் பிடித்துவந்தார். முன்னால் கூடை, பின்னால் கேரியர், புடவை சிக்காமல் சக்கரத்துக்கு வலை. எல்லாம் பொருத்தமாக இருந்தது.

மாணவிகளில் முதலில் முன்வந்தவள் பாலக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி. இலை பறிக்கவும் சார்ட் ஒட்டவும் கூடவே நின்றவள். அவள் வீட்டில் விடவில்லை. அவளுடைய அம்மா கல்லூரிக்கே வந்து என்னைப் பார்த்தார். கையில் ஜெபமாலை, முகத்தில் சந்தேகம். "வயசுப் பொண்ணு, ரோட்டுல சைக்கிள்ல போறதுன்னா பயமா இருக்குங்க டீச்சர்" என்றார். நான் காற்றைப் பற்றியும் புகையைப் பற்றியும் பேசினேன். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில், "நேரம் மிச்சமாகும்ங்க" என்றேன். அவர் முகம் மாறியது. "நெசமாவா டீச்சர்?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அந்தப் பெண் சைக்கிளில் வந்தாள். பிறகு வேறு அம்மாக்களிடமும் அதையே சொன்னேன். நன்றாகவே வேலை செய்தது.

முதல் சில வாரங்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. காலையில் பாலத்தின் மேல் ஏறும்போது காற்று எதிர்த்து அடிக்கும். மூச்சு வாங்கும், ஆனால் அது என் மூச்சு, பக்கத்தில் நசுங்குகிறவரின் வியர்வை இல்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் மொட்டையாக நின்ற ராயகோபுரத்தைக் கட்டி முடிக்கிற வேலை நடந்துகொண்டிருந்த காலம். கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பும்போது மட்டும் ஒதுங்கி நிற்பேன். சாயந்திரம் வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவேன். காபியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். படித்தேனா என்றால் அதிகம் இல்லை. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவே போதுமாக இருந்தது. கல்லூரியிலும் சைக்கிள்கள் பெருகி, நிறுத்தத் தனியாக ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்கள். முதல்வர் என்னை மேடையில் பாராட்டினார். கடைசி பீரியடில் ஜன்னலைப் பாதியாவது திறந்து வைக்க முடிந்தது.

பிறகு ஒரு சாயந்திரம் மாமியார் மாடிப்படி அடியிலிருந்து குரல் கொடுத்தார். "நீதான் இப்பல்லாம் சீக்கிரமே வந்துடறியே. ராத்திரித் தளிகையை நீயே பாத்துக்கோயேன். எனக்கு முட்டி வலி தாங்கலை." வலி பொய்யில்லை. நான் இறங்கிப்போனேன்.

அதற்கடுத்து கணவர். "ரேஷன்ல சக்கரை போட்டுட்டானான்னு பாத்துண்டு வந்துடேன், வர்ற வழியிலதானே?" அவர் அதட்டிப் பேசுகிறவர் இல்லை, அன்பாகத்தான் கேட்பார். அதனால் மறுக்கவும் வழியில்லை. அப்புறம் காய்கறி. அப்புறம் பிள்ளைக்கு ஹிந்தி டியூஷன், கொண்டுபோய் விட்டுவிட்டு வரவேண்டும். எதிர்வீட்டு மாமிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில்தான் கிடைக்கிற தைலம். "ஒனக்கென்ன, சைக்கிள்ல ஒரு மிதி மிதிச்சா போச்சு, வர்ற வழியிலதானே?" எனக்கு மட்டும் எல்லாக் கடையும் எப்படி வருகிற வழியிலேயே இருந்தன என்பது இன்றைக்கும் புரியவில்லை. கூடை நிரம்பி, கேரியர் நிரம்பி, ஹேண்டில் பாரில் இரண்டு பக்கமும் பை தொங்கி, பாலத்தின் மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன்.

கல்லூரியும் விடவில்லை. "உங்களுக்குத்தான் பஸ் பிடிக்கிற அவசரம் இல்லையே மேடம். காலேஜ் விட்டப்புறம் பெயிலான பொண்ணுங்களுக்கு ஒரு ஸ்பெஷல் கிளாஸ் வெச்சுக்கலாமா?" என்றார் முதல்வர். வெச்சுக்கலாம் என்றேன். இதில் யார் மேலும் பழி போட முடியாது. எல்லோரும் நல்லவர்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் கேட்டார்கள். மழைக்காலம் வருவதற்குள் நான் பழையபடி விளக்கு வைத்த பிறகே வீட்டுக்குள் நுழைந்தேன். முன்பு பஸ்ஸில் வந்த களைப்பு, இப்போது மிதித்து வந்த களைப்பு. காபி மறுபடியும் ஆறிப்போனது. ராத்திரி படுத்தால் தொடை விண்விண்ணென்று தெறிக்கும். ஒரு நாள் அடுப்படியில் காரணமே இல்லாமல் அழுதேன். வெங்காயம் என்று சொல்லவும் முடியவில்லை, எங்கள் வீட்டில் வெங்காயம் சேர்ப்பதில்லை.

ஒரு சாயந்திரம் தெப்பக்குளம் பக்கத்தில் டயர் வெடித்தது. பஞ்சர் கடைக்காரர் நாளைக்குத்தான் ஆகும் என்றார். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு மெயின்கார்டு கேட் போய் பஸ் ஏறினேன். அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கையில் ஹேண்ட்பேக் தவிர ஒன்றுமில்லை. முன்னால் போன லாரியின் புகை முகத்தில் அடித்தது. நான் ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. பாலத்தில் நெரிசல், பஸ் நகரவே இல்லை. மற்றவர்கள் கண்டக்டரைத் திட்டினார்கள். நான் மட்டும், இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நிற்கட்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டேன்.

வீட்டில் மாமியாரே தளிகையை முடித்திருந்தார். "ஏன் இவ்ளோ நாழி?" என்று கேட்டார். "பஸ் வரலைம்மா" என்றேன். அவ்வளவுதான், மறு பேச்சில்லை. சைக்கிளில் வந்து கால் மணி தாமதமானால் எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று ஆயிரம் கேள்வி. பஸ் வரவில்லை என்றால் இந்த ஊரில் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள்.

மறுநாள் நான் டயரை மாற்றச் சொல்லவில்லை. ட்யூப் கிடைக்கவில்லை, மழை விடட்டும், முழங்கால் சரியில்லை என்று ஏதேதோ சொல்லி நாளைக் கடத்தினேன். ரேஷன் வேலை கணவரிடமே திரும்பிப் போயிற்று. பிள்ளை நடந்தே டியூஷனுக்குப் போனான், ஒன்றும் குறைந்துபோகவில்லை. நானோ காலியாக வருகிற பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு, ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு மூடிய கடையின் படியில் உட்காரப் பழகினேன். எத்தனையோ பஸ் புகை மேலே படும். அசெம்பிளியில் பேசியவள் நான்தான் என்று தெரியும். ஆனாலும் எழுந்திருக்க மனம் வராது. பையிலிருந்து புத்தகத்தை எடுப்பேன். அந்த ஒரு வருடத்தில் நான் படித்த புத்தகங்கள் எல்லாம் அந்தப் படியில் படித்தவைதான்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது எதிரே ஒரு சைக்கிள் வந்து நின்றது. பாலக்கரைப் பெண். மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டிருந்தாள். கேரியரில் மில்லில் அரைத்த மாவு டின், ஹேண்டில் பாரில் காய்கறிப் பை, அதற்கு மேலே யாருடைய சட்டையோ இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நெற்றியைத் துடைத்தாள்.

"பஸ்ஸுக்கா மிஸ்? இப்பதானே ஒண்ணு காலியாப் போச்சு."

வழக்கமான பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

"பார்த்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போகலாம்னு விட்டுட்டேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. நான் மடியில் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அப்புறம் படியில் எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன்.

"நீயும் வந்து உட்காரேன். அஞ்சு நிமிஷம்."

"ஆசையாத்தான் இருக்கு மிஸ்." காலை எடுத்துப் பெடலில் வைத்தாள். "இங்கேர்ந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு அம்மாவுக்கு நல்லாத் தெரியும். சைக்கிளை வெச்சுக்கிட்டு லேட்டுன்னா நான் என்ன மிஸ் சொல்றது?"

மாவு டின் சரியாமல் ஒரு கையைப் பின்னால் கொடுத்துப் பிடித்தபடி, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து போய்விட்டாள்.