இரண்டு கிளைக் குழாய்களுக்கு நடுவே

கலஹாவுக்குப் போகும் வழியில் ஒரு துணி சலவைத் தொழிற்சாலை இருக்கிறது. என் மகள் அங்கே பொறியியலாளர். போன வாரம் அங்கே நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. அவள் அப்போது தேநீர் குடிக்கப் போயிருந்தாள். யாருக்கும் காயமில்லை. எனக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை.

நேற்று இடியாப்பம் பிழிந்துகொண்டே, அது ஏன் வெடித்தது என்று கேட்டேன்.

"ரெண்டு கிளைக் குழாய ரொம்ப நெருக்கமா வெல்டிங் பண்ணிட்டாங்கப்பா. கிளை வைக்கணும்னா பெரிய குழாய்ல ஓட்டை போடணும். வெட்டி எடுத்த இரும்பு தாங்கின பாரத்தையும் சுத்தி இருக்கிற இரும்புதான் தாங்கணும். பக்கத்துலயே இன்னொரு ஓட்டை போட்டா, நடுவுல இருக்கிற கொஞ்ச இரும்பு ரெண்டு ஓட்டையோட பாரத்தையும் தாங்கணுமே."

"இந்த இடியாப்ப உரல்ல இத்தனை ஓட்டை ஒட்டி ஒட்டி இருக்கு. இது வெடிக்கலையே?"

"நீங்க அமுக்கிற பலத்துக்கா?" என்று சிரித்தாள். "இது சின்னத் தட்டு, நல்ல தடிப்பு. அந்தக் குழாயோட சுவர் மெல்லிசு."

மறுநாள் புதுக் குழாயைச் சோதிக்கப் போவதாகச் சொன்னாள். என் கை நின்றுவிட்டது.

"ஆவிய விட்டா?"

"இல்லப்பா, முதல்ல தண்ணிய ஏத்தி அழுத்திப் பாப்போம். குழாய் தாங்கலைன்னா ஆவி வெடிச்சுப் பாயும். தண்ணி பெரும்பாலும் கசியும், அவ்வளவுதான். கிளைகளுக்கு நடுவுலயும் இந்தத் தடவை தாராளமா இடம் விட்டிருக்கோம்."

"நீ எங்க நிப்ப?"

"தள்ளித்தான் நிப்பேன். நீங்க பிழிங்க, பசிக்குது."