றிஸ்னா மிஸ் கழுவிக் காட்டிய மணல்

செவ்வாய்க்கிழமை காலை மறிச்சுக்கட்டியிலிருந்து றிஸ்னா மிஸ்ஸின் தம்பி அழைத்தார். "ராத்தா மௌத்தாப் போயிட்டா அண்ணன். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." நோய் முற்றியது தெரியும். ஆனாலும் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர் முந்திக்கொள்வார் என்று நினைக்கவில்லை.

நீர்வழங்கல் கந்தோரில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பொறியியலாளராகத் தெரியும். நறுவிலிக்குளத்துக்கு அப்பால் எங்கள் ஊருக்குக் குடிநீர்த் திட்டத்தை அவர்தான் அமைத்தார். நான் பம்ப் ஒப்பரேற்றர்.

திறந்த மாதமே மணல் வடிகட்டி அடைத்தது. கீழிருந்து வேகமாகத் தண்ணீர் விட்டு மணலைக் கழுவுவேன். அரை நாளில் மறுபடி அடைக்கும். வெறுங்குடத்தோடு திரும்பிய பெண்கள் என் வாசலில் நின்று ஏசினார்கள். நான் ஒழுங்காகக் கழுவுவதில்லை என்று கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வேலை போகும் நிலை. தேவாலயத்தில் பூசைக்குப் போனால் கடைசி வாங்கில் ஒதுங்கி இருந்தேன்.

மிஸ் வந்தார். என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. வடிகட்டி மணலைக் கண்ணாடிக் குழாயில் போட்டு அடியிலிருந்து தண்ணீர் விட்டார். மணல் எழும்பிக் கொதிக்கும் கஞ்சிபோல் புரண்டது. நிறுத்தியதும் பருமணல் முதலில் இறங்கியது. நுண்மணல் ஆறுதலாகப் பிந்தி வந்து மேலே மாவுபோல் படிந்தது.

"பாருங்கோ அண்ணன், கழுவக் கழுவ நுண்மணல் மேல சேருது. அதுதான் அடைக்குது. உங்களில பிழை இல்லை. ரெண்டும் கலந்து வந்த மணலைச் சரியெண்டு கையெழுத்து வைச்சது நான்."

"வெளியில சொல்லாதேங்கோ மிஸ். உங்களுக்குக் கரைச்சல்."

"அப்ப உங்களுக்கு வந்த கரைச்சல்?"

ஞாயிறு பூசை முடிந்து வந்த சனத்திடம், ஆலய முற்றத்தில் நின்று அதையே சொன்னார். "பிறகேன் இந்த மனிசனை ஏச விட்டனியள்?" என்று ஒருவர் கத்தினார்.

"அதுவும் என்ர பிழைதான் ஐயா."

பிறகு மூன்று நாட்கள் முழங்கால்வரை நனைந்து எங்களோடு நின்றார். கழுவுவதும், மேலே படிந்த நுண்மணலை வழித்தெறிவதும், மீண்டும் கழுவுவதுமாகப் போனது. நாலாம் நாள் தண்ணீர் தடையின்றி இறங்கியது. அந்த வருடம் அவருக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றுபோனதை வேறு ஆட்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.

போன மாரியில் ஒருநாள் குளோரின் போட மறந்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாகப் போய், "நான் மறந்திட்டன், தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ" என்று சொன்னேன். ஏச்சு விழும் என்று தெரிந்தும் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றேன். மிஸ்ஸிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.