இரண்டு பேர் படகு

கல்யாணமான புதிதில் சித்தப்பாவும் சித்தியும் எங்கே போனாலும் நடுவில் நான் இருப்பேன். புது ஜோடியைத் தனியே அனுப்பக்கூடாது, துணைக்கு ஒரு குழந்தை போக வேண்டும் என்பது ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுச் சட்டம். போட்டவர் பெரியம்மா. எனக்கு எட்டு வயது. சினிமாவுக்குப் போனால் எனக்கு நடு சீட்டு, கப்பன் பார்க்குக்குப் போனால் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்வேன். வீட்டில் இரண்டே அறை, ஒன்பது பேர். இத்தனை பேரில் என் மேல்தான் இருவருக்கும் கொள்ளை ஆசை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா அல்சூர் ஏரியோரம் ஒரு படகுக் கொட்டகையில் தச்சுவேலை பார்த்தார். கழித்துப்போட்ட படகுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி முதலாளி சொன்னார். ஆறு பேர் உட்காரும் படகு ஒன்று நல்ல நிலையிலேயே கிடந்தது. சித்தப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அடிப்பலகையில் விரிசல் விட்டிருந்த ஒரு குட்டிப் பாய்மரப் படகைத் தேர்ந்தெடுத்தார். எஞ்சின் கிடையாது. ஒரு பாய், இரண்டு துடுப்பு, இருவர் கால் நீட்டிப் படுக்க இடம். விரிசலை அவர் அடைத்தார். கிழிந்த பாயைச் சித்தி தையல் மெஷினில் தைத்தாள். அந்த ஒரு மாதமும் பாய்த்துணியை ஒதுக்கிவிட்டுத்தான் நாங்கள் சாப்பிட உட்கார வேண்டும். படகை டெம்போவில் ஏற்றி ஊருக்கு வெளியே ஓர் அணைக்குக் கொண்டுபோய், ஸ்டவ்வும் அரிசியுமாக இரண்டு நாள் தண்ணீரிலேயே இருப்பது அவர்கள் திட்டம்.

“ரெண்டு பேருக்குத்தான் எடம், அண்ணி,” என்று பெரியம்மாவிடம் சொன்னார் சித்தப்பா.

“இவ என்னா அரிசி மூட்டையா? ஓரமா குந்திக்குவா. இவள இட்டுக்கினு போறதுன்னா போங்க. இல்லன்னா படகும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

சித்தியின் முகம் வாடிவிட்டது. எனக்கோ தலைகால் புரியவில்லை. சித்தப்பா மட்டும் கோபப்படாமல், “சரி, மொதல்ல அல்சூர்ல ஒரு ரவுண்டு பழகட்டும்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ஏறினோம். எனக்கு வழக்கம்போல நடு இடம். காற்றுக்கு எதிரே போவதானால் படகை இப்படியும் அப்படியும் திருப்பித்தான் ஆக வேண்டும் என்றார் சித்தப்பா. திருப்பும்போதெல்லாம் பாயின் அடிக்கட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசிக்கொண்டு வந்தது. “தலைய குனி” என்று அவர் சொல்வதற்கும் கட்டை என் மண்டையில் தட்டுவதற்கும் சரியாக இருந்தது. பலமான அடி இல்லைதான், ஆனால் ஏழெட்டு முறை. பாவாடை முழுக்க ஏரித் தண்ணீர், காதோரம் ஆகாயத்தாமரை. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பயத்தில்தான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவின் மடியில் விழுந்து அழுதேன். கொன்று போட்டாலும் இனி அந்தப் படகில் ஏறமாட்டேன் என்றேன். என் கோலத்தைப் பார்த்து பெரியம்மாவின் பிள்ளைகளும் ஆளுக்கொரு மூலைக்கு ஓடிவிட்டார்கள். துணைக்கு அனுப்ப ஆள் இல்லை. பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே ஊறுகாய் கட்டிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து இருவரும் வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தார்கள். சித்தி அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

“கட்ட உன் தலையில எத்தன தடவ இடிச்சுது சித்தி?” என்று கேட்டேன்.

“ஒரு தடவகூட இல்லடி, கண்ணு.”

சித்தப்பா அவசரமாக முகம் கழுவப் போய்விட்டார். இரண்டே நாளில் நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாரே என்று அவருக்காக நான் மனதார சந்தோஷப்பட்டேன்.