போனில் வாய் திறக்காத பிள்ளை

இரண்டு வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில் ஒரு பாடசாலையில் முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்கச் சேர்ந்தேன். மழையும் நானும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம். இரண்டாம் நாளே வெள்ளம் என்று பாடசாலையை மூடிவிட்டார்கள்.

பிள்ளைகளின் மட்டத்தை அறிந்து அறிக்கை தரும்படி அதிபர் சொல்லியிருந்தார். பயிற்சிக் கல்லூரியில் சிறுவர் உளவியலில் முதலாவதாக வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? வீடியோவில் எடுத்தால் டேட்டா தீர்ந்துவிடும், சாதாரண அழைப்பே போதும் என்று முடிவெடுத்தேன். தாய்மார் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார்கள் என்று அவர்களை வேறு அறைக்குப் போகச் சொன்னவளும் நானேதான்.

எல்லாரும் ஏதோ சொன்னார்கள். ஒருவன் தன் பூனையையும் கதைக்க வைக்கப் பார்த்தான். ஒரு சின்னவள் மட்டும் மூச்சு விடவில்லை. மூன்று நாள் போன் எடுத்துக் கேட்டேன். பத்துக் கேள்விக்கும் பூச்சியம்.

தாயிடம் சொன்னேன்.

"வீட்டில வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை டீச்சர்" என்றார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையை, படிக்கக் கஷ்டப்படும் பிள்ளைகளுக்கான விசேட கல்வி அலகுக்கு மாற்றலாம், ஒரு படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்றேன்.

மழை விட்டதும் படிவத்தோடு, நான் குடியிருந்த கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறினேன். கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடி, மூன்றாம் மாடியில் அவர்கள் வீடு. லிப்ட் வேலை செய்யவில்லை, அழைப்பு மணியும் அப்படியே. கம்பிக் கதவுக்கு வெளியே மூச்சு வாங்க நின்று தாயின் போனுக்கு அழைத்தேன். உள்ளே, எனக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்த சின்னவள்தான் எடுத்தாள்.

"டீச்சர் கதைக்கிறன். அம்மா நிக்கிறாவோ?"

பிள்ளை பலமாகத் தலையாட்டினாள்.

"மூண்டும் ரெண்டும் எத்தனை?" என்று மெல்லக் கேட்டேன். ஐந்து விரலையும் விரித்துப் போனுக்கு முன்னால் பிடித்தாள். என்ன நிறம் விருப்பம் என்று கேட்டதற்கு மஞ்சள் கிரேயனைத் தேடி எடுத்துப் போனுக்குக் காட்டினாள். நான் பேசாமல் நிற்க, எனக்குத் தெரியவில்லையாக்கும் என்று இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

தான் காண்பதை மற்றவரும் காண்பார் என்றே இந்த வயதுப் பிள்ளை நினைக்கும். பரீட்சையில் இதைப்பற்றி நாலு பக்கம் எழுதி விரல் வலித்தவள் நான். வெட்கமாக இருந்தது.

அதற்குள் தாய் வந்து கதவைத் திறந்தார். என் கையிலிருந்த கடதாசியைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"இதிலயோ டீச்சர் நான் சைன் வைக்கவேணும்?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

சின்னவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தாயின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "ஏனம்மா, டீச்சருக்குக் கதைக்கத் தெரியாதோ?"

படிவத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பத்துக்குப் பத்து எழுதினேன். இன்றும் ஒரு பிள்ளை 'பதில் சொல்லவில்லை' என்று எழுதப் பேனாவை எடுத்தால், அந்த மஞ்சள் கிரேயன் கண்முன் வருகிறது. சொன்னதை நான்தான் பார்க்கவில்லையோ என்று இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கிறேன்.