ஆபரேஷன் செய்துகொண்டவன் சப்பரம் தூக்கலாமா?

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதத்தில், திருச்சி தில்லை நகரில் உள்ள ஒரு மருத்துவமனையில் எங்கள் இரண்டாவது பெண் பிறந்தாள். நான் ஸ்ரீரங்கத்தில் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். பெண் பிறந்த சந்தோஷத்தில் வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுத்து முடிப்பதற்குள் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்காமல், பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்திருந்தார்கள்.

"இன்னொரு தடவை உண்டானா உயிருக்கே ஆபத்துங்க" என்றார். அவள் இருந்த நிலையில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ய முடியாது, பிறகும் வயிற்றை மறுபடி திறக்காமல் இருப்பதே நல்லது என்றார். "நீங்க பண்ணிக்கலாமே" என்று, டீ சாப்பிடலாமே என்பதுபோல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிச்சமிருந்த சாக்லேட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஆபரேஷன் என்றால் அது பெண்களுக்குத்தான். இரண்டாவது பிரசவத்துக்குப் போகிறவர்கள் அதையும் முடித்துக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். என் அம்மா, அக்கா, மாமியார் எல்லோரும் அப்படித்தான். அம்மாவோடு பிறந்தவர்கள் ஆறு பேர், என்னோடு பிறந்தது அக்கா மட்டும். ஒரே தலைமுறையில் குடும்பங்கள் இப்படிச் சுருங்கியதற்குச் சுவரெல்லாம் வரைந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தைக் காரணம் சொல்வார்கள். ஆனால் அதற்காகக் கத்தி பட்டதெல்லாம் பெண்களின் வயிற்றில்தான். ஆண்களில் ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

அம்மா ஒரேயடியாக மறுத்தார். "ஆம்பளைக்கு எதுக்குடா அதெல்லாம்? நரம்பு தளந்து போயிடும். கேன் தூக்கிப் பொழைக்கிறவன் நீ. அவ உடம்பு தேறட்டும், அவளுக்கே பண்ணிக்கலாம்" என்றார். பேரன் ஆசையும் உள்ளே இருந்தது, வெளியே சொல்லவில்லை. மனைவிக்கும் பயம். "என்னால உங்க பொழப்பு கெட்டுடக் கூடாதுங்க" என்று அழுதாள். அவள் அழுததைப் பார்த்த பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஐப்பசியில் ஒருநாள் அரசு மருத்துவமனைக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்றதால் வாடிக்கை வீடுகளில் சொல்ல வேண்டியிருந்தது. லிஃப்ட் இல்லாத ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில், ரிட்டயர்டான பெரியவர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். துருவித் துருவிக் கேட்டார், அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"ஏம்ப்பா, நம்ம பக்கத்துல ஜனத்தொகையே குறைஞ்சுண்டு வர்றதாம். இப்படியே போனா பார்லிமெண்ட்ல நமக்கு சீட் குறைஞ்சுடும்கறா. கல்யாண மேடையில எல்லாம் தலைவர்களே நிறையப் பெத்துக்கோங்கோன்னு பேசறா. நீ என்னடான்னா இதப் பண்ணிக்கப் போறேங்கறே."

"எம்.பி. சீட்டுக்காக என் வீட்டுக்காரிய மேல அனுப்பி வைக்க முடியாதுங்க சார்" என்றேன்.

அவர் காலி கேனை என் பக்கம் நகர்த்தினார். "வாஸ்தவம். பெருமாள் இருக்கார், போயிட்டு வா" என்றார்.

ஊசி என்றாலே எனக்கு உதறல். போன மாதிரியே திரும்பிவிடலாமா என்று மருத்துவமனை வாசல் வரைக்கும் வந்துவிட்டு மறுபடி உள்ளே போனேன். மரத்துப்போக ஊசி போட்டது சுருக்கென்றது, அவ்வளவுதான். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. "முடிஞ்சிருச்சு, எந்திரிங்க" என்றபோது இனிமேல்தான் ஆரம்பிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அன்றைக்கே ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று மாதம் ஜாக்கிரதையாக இருந்து, அதற்குப் பிறகு ஒரு பரிசோதனை. இனிக் கவலையில்லை என்று டாக்டர் சொன்ன அன்று என் மனைவி அசந்து தூங்கினாள்.

இதற்கிடையில் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டார். வெட்கம் தாங்காமல், எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஆளாளுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து பார்த்தார்கள். நானும் பேசாமல் வாங்கிக் குடித்தேன். வினை சித்திரையில்தான் வந்தது.

எங்கள் தெரு மாரியம்மனுக்குச் சித்திரையில் திருவிழா. சப்பரம் தோளில்தான் போகும். முன்பக்க வலது தண்டு எங்கள் வீட்டு முறை, அப்பாவுக்குப் பிறகு நான். அந்தக் காலத்தில் வீட்டுக்கு நாலு பையன்கள், தண்டைத் தொடவே அடிதடி. இப்போது வீட்டுக்கு ஒருவன், அவனும் சென்னையிலோ துபாயிலோ இருக்கிறான். ஆள் குறைந்து குறைந்து, பேசாமல் சக்கரம் வைத்துவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது.

விழாக் கமிட்டிக்குப் பெரியப்பா மகன்தான் தலைவர், எனக்கு அண்ணன் முறை. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "குடலிறக்கம் பண்ணினவன் பாரம் தூக்கக் கூடாது தம்பி. நீ இந்த வருஷம் குடை பிடி" என்றார்.

அப்பாவின் தண்டு கைவிட்டுப் போகிறது என்றதும் எனக்கு வெட்கமெல்லாம் பறந்துவிட்டது. "அண்ணே, எனக்குக் குடலிறக்கமே இல்ல. குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டேன்" என்றேன்.

கூட்டம் அப்படியே என் பக்கம் திரும்பியது. பிறகு யாரோ, "இதுக்குக் குடலிறக்கமே தேவலையே" என்றதும் குபீரென்று சிரிப்பு. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "பாதி வழியில நீ விழுந்தா அம்மன் என்ன ஆகுறது?" என்றார். சற்று முன் குடை கொடுத்தவர், இப்போது குடைக்கே யோசித்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்தத் தெருப் பொம்பளைங்க எல்லாம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்து, கொஞ்ச நாள்லயே தண்ணிக்குடம் தூக்குனாங்களே, அவங்க நரம்பு என்ன இரும்பாண்ணே? நான் தினம் மூணு மாடிக்குக் கேன் தூக்குறத நீங்க பார்க்கலையா?"

கடைசியில் அண்ணன் இறங்கி வந்தார். "சரி, தூக்கு. ஆனா நடுவுல இறக்கினா அடுத்த வருஷம் சக்கரம்தான்" என்றார். என்னைக் கண்காணிக்கவோ என்னவோ, இடது தண்டை அவரே எடுத்துக்கொண்டார்.

திருவிழா அன்று தண்டைத் தோளில் வாங்கும்போது உண்மையிலேயே பயந்தேன். விழுந்தால் அவமானம் எனக்கு மட்டும் இல்லை, இனிமேல் இந்த ஆபரேஷனை நினைக்கிற எந்த ஆணுக்கும் நான்தான் உதாரணம். தடுக்கி விழுந்தால்கூட நரம்பு என்றுதான் சொல்வார்கள். தெருமுனையில் திரும்பும்போது பாரமெல்லாம் வலது பக்கம் சாயும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இரண்டு பேர் ஆள் மாற்றிக்கொண்டார்கள், நான் மாற்றிக்கொள்ளவில்லை.

முனை தாண்டியதும், மேளச் சத்தத்துக்கு நடுவே அண்ணன் என் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"தம்பி, வலிச்சுதா?"

"தோளாண்ணே?"

"அது இல்லடா. ஆபரேஷன். உங்க அண்ணிக்குச் சுகர், அவளுக்குப் பண்ண டாக்டர் யோசிக்கிறாரு. எங்க போகணும், என்னன்னு அப்புறமா சொல்லு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த நேரத்தில் இன்னொரு சப்பரத்தைக் கொடுத்திருந்தாலும் தூக்கியிருப்பேன்.

எங்கள் வீட்டு வாசலில் சப்பரம் நின்றது. தூக்குகிறவர்கள் காலில் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அம்மா குடத்தோடு வந்தார், பின்னால் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள். விஷயம் தெரிந்திருந்தும் பக்கத்து வீட்டு அம்மாள், "என்னக்கா, குடலிறக்கம்னுல்ல சொன்னீங்க?" என்று கிண்டலாகக் கேட்டார்.

அம்மா என் காலில் தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தார். "குடும்பக் கட்டுப்பாடுதான். என் மருமக உசுரு நிக்கணும்னு எம்புள்ள பண்ணிக்கிட்டான். முன்தண்டு அவன்தான் தூக்கிட்டு வர்றான், பார்த்துக்க" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

அந்த ஆடியில் அண்ணனை என் வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அவரைப் பார்த்துத் தெருவில் இன்னும் சிலர் போனார்கள். சப்பரத்துக்கு இன்றுவரை சக்கரம் வரவில்லை. ஜனத்தொகை ஏறுகிறது, இறங்குகிறது, பெற்றுக்கொள்ளுங்கள், போதும் நிறுத்துங்கள் என்று யார் எந்த மேடையில் பேசினாலும், சாயங்காலம் காலி கேன்களோடு திரும்பும்போது "என்னங்க, வந்துட்டீங்களா" என்று கேட்க என் வீட்டில் அவள் இருக்கிறாள் என்பதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.