பாதி வழியில் இறங்கிய பஸ்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஒரு புதன்கிழமை காலையில், கணக்குப் பரீட்சைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை அம்மா போக வேண்டாம் என்றாள். அம்மா வாய் திறந்து பேசிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பரீட்சை போனதைவிட அவள் குரல் வந்ததுதான் எனக்குப் பெரிய செய்தி.

அம்மாவின் நோய்க்கு பைபோலார் என்று பெயர் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அறிந்தேன். அப்போது எங்கள் வீட்டில் ஏத்தம், இறக்கம் என்று இரண்டு சொற்கள்தான். ஏத்தம் வந்தால் அம்மா தெருவுக்கே முறுக்குச் சுடுவாள். அவள் வேலை பார்த்த இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் நாலு பேர் மடிக்கிற துணியை ஒருத்தியாக மடித்துவிட்டு, முதலாளிக்கு யோசனையும் சொல்லிவிட்டு வருவாள். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடிக்கும். அப்பாவுக்கு மட்டும் அவளைப் பார்த்தால் முகம் வாடிவிடும். அவருக்குச் சந்தோஷமே ஆகாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பிறகு இறக்கம் வரும். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் இரண்டு.

நன்றாக இருந்த ஒரு நாளில் அம்மாவே எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாள் ஒன்று இருந்தது. ‘மாத்திரையை நீயாக நிறுத்தாதே. தூக்கம் கெட்டால் அவரிடம் சொல். எல்லாருக்கும் பாரமாக இருக்கிறோம் என்று தோன்றினால் அன்றைக்கே டாக்டரிடம் போ. தனியாகப் போகாதே.’ தன்னையே ‘நீ’ என்று அதட்டி எழுதியிருந்தது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

அன்றைக்கு அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். மில்லுக்குள் போன் கொண்டுபோக முடியாது. அம்மா பீரோவைத் திறந்து அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்தாள். சேலை மாற்றினாள். தலை சீவவில்லை.

“சீவில்லிபுத்தூருக்குப் போறோம். டாக்டரம்மாவப் பாக்கணும்.”

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. ஓடிப்போய்ச் செருப்பு மாட்டினேன். வாசலில் அம்மா என் கையைப் பிடித்தாள்.

“கைய விடாதட்டி. நானே விடச் சொன்னாலும் விடாத.”

பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். பாதி வழியில் திடீரென்று எழுந்து, “இறங்கு” என்றாள்.

“டிக்கெட்டு சீவில்லிபுத்தூருக்குல்லா எடுத்திருக்கிய?” என்றார் கண்டக்டர். அம்மா காதில் வாங்காமல் இறங்கிவிட்டாள்.

பஸ் போனதும் அந்த இடத்தில் நாங்கள் இருவர் மட்டும். நிழற்குடை இருந்தும் அம்மா அதற்குள் போகவில்லை. ரோட்டு ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேல் நின்றாள். சிமெண்ட் லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் தூரத்தில் வரும்போதே பார்த்து, கடந்து போகும்வரை அம்மா கண்ணை எடுக்கவில்லை. அந்தக் காற்றில் என் பாவாடை படபடத்தது.

“வெயிலடிக்கும்மா.”

“நீ எதுத்தாப்புல வார பஸ்ஸுல ஏறி வீட்டுக்குப் போ. நான் பொறவு வாரேன்.”

“எப்ப?”

“கைய விடுட்டி” என்றாள்.

பாசத்தால் நான் விடவில்லை என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. என்னை அனுப்பிவிட்டு அவள் மட்டும் போய்ப் பால்கோவா தின்னப்போகிறாள் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் அவள் கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கத்தினேன். “எனக்குத் தராம நீ மட்டும் திங்கப் போற! நான் விட மாட்டேன்!”

அம்மா கையை உதறினாள். இன்னொரு முறை உதறினாள். இன்னொரு லாரி வந்தது, போனது. மூன்றாவது முறை அவள் உதறவில்லை. என் பக்கத்தில் அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்தாள். பதினோரு நாளாக அழாதவள் அப்போது அழுதாள்.

“போவோம்ட்டி. செத்த இரு. போவோம்.”

அடுத்த டவுன் பஸ்ஸை நான்தான் கை காட்டி நிறுத்தினேன். அம்மாவை முன்னால் ஏறவிட்டு, கையை விடாமலே பின்னால் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, யாருடன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு அம்மா என்னைக் காட்டினாள். “இவதான் என்னையக் கூட்டிட்டு வந்தா.” எனக்குக் கோபம் வந்தது. பரீட்சைக்குப் போனவளைத் தடுத்து இழுத்து வந்தது யார்? அதை விவரமாகச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் நர்ஸ் அக்கா என்னை வெளியே கூட்டிப்போய், மில் ஆபீசுக்குப் போன் போடுவதற்காக அப்பா வேலை பார்க்கும் மில்லின் பெயரைக் கேட்டார்.

மத்தியானம் அப்பா வந்தபோது அவர் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அம்மாவை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தாள். மெல்ல வேலைக்கும் போனாள். அதற்குப் பின்னும் இறக்கம் எத்தனையோ முறை வந்தது, இன்னும் வருகிறது. இப்போது அவள் தரையைத் தொடும்வரை காத்திருப்பதில்லை. “லேசா இறங்குதுட்டி, நாளைக்கு வாரியா?” என்று போன் செய்வாள். நான் லீவு சொல்லிவிட்டுப் போவேன். மருந்தின் அளவை மாற்றுவார்கள், ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், சில வாரம் இருட்டாகப் போகும், பிறகு ஒரு நாள் குழம்பில் உப்பு இல்லை என்று அவள் குறை சொல்லுவாள். அதுவரை இருப்பேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அப்பாவும் நானும் மட்டும் பஸ்ஸில் திரும்பினோம். நடந்ததையெல்லாம் நான் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த நிழற்குடை வந்ததும் ஜன்னல் வழியாகக் கை நீட்டினேன்.

“அந்தா, அங்கனதாம்ப்பா இறங்குனோம். அம்மா அந்த வெள்ளக்கோட்டு மேலயே நின்னா.”

அப்பா திரும்பிப் பார்த்தார். அது மறையும்வரை பார்த்தார். பிறகு என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது. டிக்கெட்டை முழுசாக எடுத்துவிட்டுப் பாதியில் இறங்கியது அவ்வளவு பெரிய தப்பா என்று எனக்குப் பயமாகிவிட்டது. இனிமேல் கடைசி ஸ்டாப் வரைக்கும் போவோம்ப்பா என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் இன்னும் அதிகமாக அழுதார். பஸ்ஸில் எல்லாரும் எங்களையே பார்க்க, ஒரு டிக்கெட்டுக்காக ஒரு பெரிய மனிதர் இப்படியா அழுவார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.